கவுன்டர் அனுபவத்தை விட்டுட்டு கோர்ஸுக்கு ஓடாத தங்கச்சி: பார்மசி இன்ஃபர்மேட்டிக்ஸ் பத்தி ஒரு பதில்

பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டு ஈரோடு பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு எழுதியிருக்கா. கடிதம் பெருசு, சுருக்கமா சொல்லிடறேன். பார்ம்.டி முடிச்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு, 150 பெட் உள்ள தனியார் ஆஸ்பத்திரி பார்மசில வேலை, மாசம் 16,000 ரூபாய். ஆறு வருஷம் படிச்சுட்டு பில் போட்டுக்கிட்டு இருக்கியேன்னு வீட்ல தினம் பேச்சு. பார்மசி இன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு துறை இருக்கு, 85,000 கட்டி ஆறு மாசம் ஆன்லைன்ல படிச்சா அமெரிக்க ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்ல சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம்னு ஒரு இடத்துல சொல்றாங்களாம். அண்ணன் அதெல்லாம் வேணாம் பைத்தான் கத்துக்கோங்கறான். "எனக்கு கோடிங் வராது, லேப்டாப் இல்ல, போன் மட்டும்தான் இருக்கு, எல்லாம் மொபைல் ஆப்புக்குப் போயிட்டா பார்மசிஸ்ட்டே வேணாம்னு ஆயிடுமா, நான் இதுக்குள்ள வரலாமா அக்கா"ன்னு கேட்டிருக்கா.

அக்கான்னு கூப்பிட்டதால நீன்னே எழுதுறேன் தங்கச்சி.

முதல்ல அந்த 85,000. கட்டாத. அமெரிக்க ஆஸ்பத்திரிகள்ல ரொம்ப ஓடற எபிக்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சர்டிஃபிகேஷன் வாங்கறது நம்ம கைல பணம் வச்சிருந்தா நடக்கற விஷயம் இல்ல, அதை வாங்கியிருக்கற ஆஸ்பத்திரியோ அந்த கம்பெனியோட வேலை செய்யற நிறுவனமோ தன்னோட ஊழியரை அனுப்பி வைக்கணும், அப்பதான் ட்ரெய்னிங்கே. வெளில ஒருத்தர் "சர்டிஃபிகேட் வாங்கித் தர்றோம்"னு சொன்னா எந்த சாஃப்ட்வேர், யார் கையெழுத்து போட்டுத் தர்ற சர்டிஃபிகேட்னு எழுத்துல கேளு, பதில் வழவழன்னு வரும். அந்த காசுல நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணு வாங்கி மீதிய கைல வச்சுக்கலாம்.

அடுத்து ஒரு பேர் குழப்பம், நிறைய பேர் இதுல தடுக்கி விழறாங்க. மொஹாலில இருக்கற நைப்பர்ங்கற தேசிய மருந்தியல் கல்வி நிலையத்துல பார்மகோஇன்ஃபர்மேட்டிக்ஸ்னு ஒரு எம்.எஸ் இருக்கு. அது கம்ப்யூட்டர் வச்சு புது மருந்து மூலக்கூறு தேடற படிப்பு, அருமையான படிப்பு, ஆனா நீ கேக்கறது அது இல்ல. பார்மசி இன்ஃபர்மேட்டிக்ஸ்ங்கறது ஏற்கனவே இருக்கற மருந்து, டாக்டர் மனசுல இருந்து கிளம்பி நோயாளி வாய்க்குள்ள போற வரைக்கும் எத்தனை ஸ்க்ரீன், எத்தனை கை, எத்தனை பேப்பர் தாண்டுது, அதுல எந்த இடத்துல வழி மாறிப் போகுதுன்னு பாத்து அந்த இடத்தை சரி பண்றது. கோடிங் அதுல ஒரு ஓரம்.

எனக்கு இது புரிஞ்ச நாளை சொல்றேன். அப்ப ஒரு ஆஸ்பத்திரி பார்மசில நானும் உன்ன மாதிரி பில்லிங்லதான் நின்னேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போற ஒரு அம்மா, அறுபது வயசு தாண்டியிருக்கும், முடக்குவாதம், விரல் கணுவெல்லாம் வீங்கியிருக்கு. பொண்ணு ப்ரிஸ்க்ரிப்ஷனை நீட்டுறா. மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி, 1-0-0, 30 நாள், மொத்தம் 30 மாத்திரைன்னு பிரின்ட் ஆகி வந்திருக்கு. எனக்கு அந்த 30ஐ பாத்ததும் கை நின்னுடுச்சு. உனக்கு சொல்ல வேண்டியதில்ல, முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள், மாசத்துக்கு நாலு, மிஞ்சிப் போனா அஞ்சு. தினமும் போட்டா வாயெல்லாம் புண்ணாகி எலும்பு மஜ்ஜை அடங்கிப் போய் ரத்த அணுக்கள் சரிஞ்சு ஆளே போயிடலாம். வார்டுக்கு போன் போட்டேன். பெரிய டாக்டர் கேஸ் ஷீட்ல "வாரம் ஒரு முறை"ன்னு தெளிவா எழுதியிருக்கார், ஜூனியர் டாக்டர் அதை கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது மருந்து பேரை செலக்ட் பண்ணின உடனே பக்கத்து கட்டத்துல "தினம் ஒரு வேளை" தானா வந்து உக்காந்துடுச்சு, ராத்திரி டூட்டி முடிச்ச கண்ணு அதை பாக்கல. அந்தப் பிள்ளை மேல எனக்கு கோவமே வரல. அந்தக் கட்டத்துல எல்லா மருந்துக்கும் ஒரே டீஃபால்ட் வச்சவங்க யாருன்னுதான் தோணிச்சு, அவங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட்னா என்னன்னே தெரிஞ்சிருக்காது, தெரியணும்னு அவசியமும் இல்ல, அது தெரிஞ்ச நம்மள அந்த ரூமுக்கு யாரும் கூப்பிடல, அவ்வளவுதான்.

அப்புறம் ஐ.டி ஆளுகூட உக்காந்து மாத்தினோம். அந்த மருந்தை எடுத்தா டீஃபால்ட்டா "வாரம் ஒரு நாள்"தான் வரும், எந்த நாள்னு சொல்லாம சேவ் ஆகாது, தினமும்னு மாத்தினா கேன்சர் சிகிச்சைக்கான்னு கேட்டு நிக்கும். அமெரிக்கால மருந்துப் பிழைகளை மட்டுமே ஆராயற ஐ.எஸ்.எம்.பின்னு ஒரு அமைப்பு இதைத்தான் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருக்குன்னு எனக்கு பின்னாடிதான் தெரிஞ்சது. லேபிள்ல நாளை தமிழ்ல முழுசா "ஞாயிறு மட்டும்"னு அடிக்க வச்சோம், ஏன்னா மண்டேன்னு இங்கிலீஷ்ல போட்டா அதை மார்னிங்னு படிச்சு தினமும் காலைல போட்டுக்கிட்டவங்க உலகத்துல இருக்காங்க. ஐ.டி பையனுக்கு இந்த வேலை அரை நாள். அரை நாள் வேலைக்கு ஒத்துக்க வைக்க எனக்கு மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசம் பேசினேனே, அதுதான் இந்தத் துறையோட நிஜமான வேலை தங்கச்சி.

இப்ப டெக்னிக்கலா ஒண்ணே ஒண்ணு சொல்றேன், பயப்படாத. ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க ஃபயர் (FHIR)னு ஒரு ஸ்டாண்டர்ட் இருக்கு, நம்ம நாட்டுல 2021 செப்டம்பர்ல தேசிய அளவுல ஆரம்பிச்ச ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்ங்கற மருத்துவப் பதிவுகளை இணைக்கற திட்டமும், அதுல நம்ம ஒவ்வொருத்தருக்கும் தர்ற 14 இலக்க ஆபா நம்பரும் இதோட சேர்ந்ததுதான். அதுல மருந்துக்குன்னு தனித்தனி பதிவு: டாக்டர் எழுதினா மெடிக்கேஷன் ரிக்வெஸ்ட், பார்மசில குடுத்தா மெடிக்கேஷன் டிஸ்பென்ஸ், நர்ஸ் நோயாளிக்கு போட்டா மெடிக்கேஷன் அட்மினிஸ்ட்ரேஷன். எழுதினது வேற, குடுத்தது வேற, போட்டது வேறன்னு ஆகறப்பதான் ஆபத்து, இந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறது நம்ம தொழில். நடுவுல இருக்கற டிஸ்பென்ஸ் உன் கை வழியாதான் தினம் போகுது. இதை எந்த கோர்ஸும் உனக்கு புதுசா சொல்லித் தரப் போறதில்ல.

மொபைல் வந்தா பார்மசிஸ்ட் வேணாமான்னு கேட்டியே, அதுக்கு ஒரு கதை. 1992ல அமெரிக்கால கான்சாஸ் மாநிலம் டொபீகால முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரில சூ கின்னிக்னு ஒரு நர்ஸ். வாடகைக் காரை திருப்பிக் குடுக்கப் போன இடத்துல அங்க இருந்த ஆள் கைல ஒரு சின்ன ஸ்கேனர் வச்சு காரை பீப்னு ஸ்கேன் பண்ணி வாங்கிக்கறான். ஒரு காருக்கு இதைப் பண்ண முடியும்னா மாத்திரைக்கும் நோயாளிக்கும் ஏன் பண்ணக்கூடாதுன்னு அந்தம்மாவுக்கு தோணிச்சு. நோயாளி கைப்பட்டைய ஸ்கேன் பண்ணு, மருந்தை ஸ்கேன் பண்ணு, ரெண்டும் பொருந்தினா மட்டும் போடுங்கற முறை அங்கதான் வளந்துச்சு. 2010ல பாஸ்டன்ல பிரிகாம் ஆஸ்பத்திரில பண்ணின ஆய்வுல, நேரம் தவறினது போக மத்த பிழைகள் 11.5 சதவீதத்துல இருந்து 6.8 சதவீதமா இறங்கிச்சு. இப்ப அந்த ஸ்கேனர் வேலையை நர்ஸ் கைல இருக்கற போனே செய்யுது.

சரி, இதை அப்படியே உங்க ஆஸ்பத்திரில கொண்டு வந்து வை பாப்போம். என்ன ஆகும்? நம்ம ஊர்ல பத்து மாத்திரை அட்டைய கத்தரிச்சு நாலு குடுப்போம். 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அதிகமா விக்கற 300 பிராண்டுக்கு கியூ.ஆர் கோடோ பார்கோடோ கட்டாயம், பேட்ச், எக்ஸ்பைரி, லைசென்ஸ் நம்பர் எல்லாம் அதுக்குள்ள இருக்கும். ஆனா அட்டைல இடம் இல்லன்னா வெளி டப்பால போட்டாலும் சட்டப்படி சரி, அட்டைலயே இருந்தாலும் நீ கத்தரிச்சுக் குடுத்த துண்டுல கோடு பாதிகூட இருக்காது. நர்ஸ் எதை ஸ்கேன் பண்ணுவாங்க? அப்ப பார்மசிலயே ஒவ்வொரு மாத்திரையா தனி கவர்ல போட்டு நம்ம லேபிள் ஒட்டணும், அதுக்கு ஆள் எத்தனை, மெஷின் எவ்வளவு, ராத்திரி பத்து மணிக்கு மேல யார் ஒட்டுவா, ஈரம் பட்டா பிரின்ட் அழியுதான்னு பாக்கணும். கத்தரிய கைல புடிச்சவளுக்குத்தான் இந்தக் கேள்வியே வரும். ஆப் எழுதறவருக்கு எங்க வரும்?

ஸ்கேன் வந்துட்டாலும் வேலை முடியாது. 2008ல அமெரிக்கால ஒரு ஆய்வு, நர்ஸுங்க பார்கோட சுத்திப் போற வழி 15 விதம், அதுக்கான காரணம் 31 விதம்னு எண்ணி வச்சிருக்கு. கைப்பட்டை நனைஞ்சு ஸ்கேன் ஆகல, தூங்கற நோயாளிய எழுப்ப மனசு வரல, வைஃபை மூலைல வரல, அதனால பார்கோட தனியா ஒரு காப்பி எடுத்து நர்ஸ் டேபிள்ல ஒட்டி வச்சு அங்கயே பீப் பீப்னு அடிச்சிடறாங்க. அவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல. எந்த மூலைல நெட் வரலன்னு போனைக் கைல வச்சுக்கிட்டு ஒரு நாள் முழுக்க அவங்க கூட நடந்தா பாதி விடை கிடைச்சுடும்.

சின்ன ஸ்க்ரீன்ல இன்னொரு தொல்லை இருக்கு. மெட்டோபிரோலால் சக்சினேட் எக்ஸ்டெண்டட் ரிலீஸ் 25ம் இருக்கு 50ம் இருக்கு, போன்ல ஒரு வரிக்குள்ள பேர் அடங்காம கடைசில புள்ளி புள்ளியா வெட்டிடும், ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், வெட்டிப் போனது அந்த 25ம் 50ம்தான். தேடும்போதும் அப்படித்தான். 2017 டிசம்பர்ல டென்னசி மாநிலத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரில, ஒரு நர்ஸ் பதட்டத்தைக் குறைக்கற மருந்தோட பிராண்ட் பேர்ல முதல் ரெண்டு எழுத்தை மெஷின்ல அடிச்சாங்க, அதே ரெண்டு எழுத்துல ஆரம்பிக்கற தசையை முடக்கற மருந்து வெளில வந்துச்சு, நோயாளி இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் குறைஞ்சது அஞ்சு எழுத்தாவது அடிச்சாத்தான் லிஸ்ட் வரணும்னு ஐ.எஸ்.எம்.பி சொல்ல ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நம்ம ஊர் சாஃப்ட்வேர் எத்தனையோ மூணு எழுத்துலயே லிஸ்ட் காட்டுது, அதை வசதின்னு சொல்லித்தான் விக்கறாங்க.

அலர்ட் வச்சா சரியாயிடும்னு நினைக்காத. 2006ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, டாக்டருங்க மருந்து எச்சரிக்கைகள்ல 49ல இருந்து 96 சதவீதம் வரைக்கும் தள்ளிட்டுப் போயிடறாங்கன்னு இருக்கு. எல்லாத்துக்கும் சிவப்பு பெட்டி வந்தா எதுக்குமே யாரும் நிக்க மாட்டாங்க. எந்த அலர்ட்டை எடுக்கணும், எதை மட்டும் விடணும்னு முடிவு பண்ண மருந்து தெரிஞ்ச ஆள் வேணும், நீ படிச்ச கிளினிக்கல் பார்மசி முழுக்க அங்கதான் செலவாகும்.

ஒண்ணை கோவமாவே சொல்றேன். ப்ரிஸ்க்ரிப்ஷனை போட்டோ எடுத்து பார்மசி வாட்சப் குரூப்ல போடற பழக்கம் உங்க இடத்துலயும் இருக்கும், எல்லா இடத்துலயும் இருக்கு. நோயாளி பேர், வயசு, என்ன வியாதின்னு இருபது பேர் சொந்த போன் கேலரில போய் உக்காருது, அதுல வேலைய விட்டுப் போனவனும் இருப்பான். 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டமே வந்தாச்சு. சட்டத்தை விடு, நம்ம அம்மாவோட சீட்டு அப்படி சுத்தினா நமக்கு எப்படி இருக்கும்? மொபைல் டெக்னாலஜில வேலை பாக்கணும்னு ஆசைப்படற நீ முதல்ல அந்த குரூப்புக்கு பதிலா என்ன பண்ணலாம்னு யோசி.

வேலை எங்க இருக்குன்னா, நம்ம ஊர்ல "பார்மசி இன்ஃபர்மேட்டிசிஸ்ட்"னு போட்டு விளம்பரம் அபூர்வம், அந்தப் பேரை வச்சுத் தேடாத. பெரிய ஆஸ்பத்திரி ஐ.டி டீம்ல ட்ரக் மாஸ்டர் (சாஃப்ட்வேர்ல இருக்கற மருந்து லிஸ்ட்), ஃபார்முலரி (ஆஸ்பத்திரி ஒத்துக்கிட்ட மருந்துப் பட்டியல்) பாக்கற ஆள், கிளினிக்கல் அப்ளிகேஷன் சப்போர்ட், ஹாஸ்பிடல் சாஃப்ட்வேர் விக்கற கம்பெனில இம்ப்ளிமென்டேஷன், ஆன்லைன் மருந்துக் கம்பெனில கேட்டலாக், கன்டென்ட், இப்படி வேற வேற பேர்ல இருக்கும். சென்னை, பெங்களூர், ஹைதராபாத்ல பார்மகோவிஜிலன்ஸ், அதாவது மருந்துப் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கற வேலை நிறைய இருக்கு, அது பக்கத்து வீடு மாதிரி, கேஸ் டேட்டாபேஸ்ல கை பழகும், அங்க இருந்து இங்க தாவினவங்களும் உண்டு. அரசுப் பக்கமும் குறைச்சலா நினைக்காத. 1994ல தொடங்கின தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக் குடுத்து இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு மாவட்ட கிடங்கு வழியா கணக்கு வச்ச விதத்தை மத்த மாநிலங்கள் வந்து பாத்துட்டுப் போனாங்க. போன் வரதுக்கு முன்னாடியே மருந்து கணக்கை தெளிவா யோசிச்ச ஊர் நம்மளது.

வெளிநாடு பத்தி ரெண்டே வரி. அமெரிக்கால பார்மசிஸ்ட் லைசென்ஸுக்கான எஃப்.பி.ஜி.இ.இ பரீட்சைக்கு அஞ்சு வருஷப் படிப்பு கேக்கறாங்க, நாலு வருஷ பி.பார்ம்காரங்களுக்கு கதவு மூடி, உன் பார்ம்.டிக்கு திறந்திருக்கு, இதை வீட்ல சொல்லு. வளைகுடாவுக்கு லைசென்ஸும், படிப்பு, வேலை சர்டிஃபிகேட்டெல்லாம் நிஜம்தானான்னு பாக்கற டேட்டாஃப்ளோ சரிபார்ப்பும் வேணும், அங்கயும் ஆஸ்பத்திரில வேலை பாத்த அனுபவத்தைத்தான் முதல்ல கேப்பாங்க, அதனால இப்ப இருக்கற வேலைய அவசரப்பட்டு விடாத.

இப்ப என்ன செய்யணும்? உங்க பார்மசி சாஃப்ட்வேர்ல மருந்து லிஸ்ட் இருக்கே, அதை எக்ஸெல்ல இறக்கித் தரச் சொல்லு. திறந்து பாத்தா உனக்கே தலை சுத்தும். பாராசிட்டமால் 650 ஒரு பேர்ல, பி.சி.எம் 650 இன்னொரு பேர்ல, பிராண்ட் பேர்ல மூணாவதா ஒண்ணு, ஒண்ணுல ஸ்டாக் பூஜ்யம் காட்டும், பக்கத்துல இன்னொண்ணுல 200 அட்டை தூங்கும், வார்டுல இருந்து இல்லன்னு சொல்லி வெளில வாங்க அனுப்பியிருப்பாங்க. மூலப்பெயர், அளவு, வடிவம், போடற வழி, பிராண்ட், எல்லாத்தையும் தனித்தனி காலமா பிரி. புள்ளிக்கு அப்புறம் சும்மா இருக்கற பூஜ்யத்தை எடு, 1.0ஐ 10னு படிச்சிடுவாங்க. யூனிட்ங்கற வார்த்தையை ஒத்தை எழுத்துல சுருக்காம முழுசா எழுது. ஒரே மாதிரி பேர் உள்ளதை பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. மூணு மாசத்துல எத்தனை டூப்ளிகேட் எடுத்த, எவ்வளவு ரூபாய் ஸ்டாக் கண்ணுக்குத் தெரிஞ்சதுன்னு எழுதி வை, நோயாளி பேர் ஒண்ணுகூட அதுல வரக்கூடாது. இன்டர்வியூல நான் ஒரு ஆளை எடுக்கணும்னா ஆறு மாச சர்டிஃபிகேட்டை விட இந்த ஒரு ஃபைலைத்தான் விரிச்சு வச்சு அரை மணி நேரம் பேசுவேன்.

அது கை வந்தப்புறம் டேட்டாபேஸ்ல வேணுங்கறதை கேட்டு எடுக்கற எஸ்.க்யூ.எல். அண்ணன்கிட்ட சொல்லு, பைத்தானும் நல்லதுதான் ஆனா இப்ப இல்ல, இதை அவனையே ஞாயித்துக்கிழமை சொல்லித் தரச் சொல்லு. லேப்டாப் வாங்கின உடனே பாம்னி போட்டுப் பாரு, ஓபன்எம்.ஆர்.எஸ்ங்கற இலவச நோயாளிப் பதிவு சாஃப்ட்வேரை அடியா வச்சுக் கட்டின இலவச ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர், சத்தீஸ்கர்ல கனியாரிங்கற ஊர்ல ஏழை ஜனங்களுக்கான ஒரு ஆஸ்பத்திரிக்காக உருவானது. அதுல நீயே டாக்டரா ஒரு ஆர்டர் போடு, நீயே பார்மசிஸ்ட்டா குடு, எங்க தடுக்குதுன்னு எழுது. புனேல சி-டாக்ங்கற அரசு கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனம் நடத்தற, மருத்துவப் பதிவு ஸ்டாண்டர்டுகளுக்கான என்.ஆர்.சி.இ.எஸ் தளத்துல இந்திய மருந்துகளுக்கான பொது கோட் தொகுப்பு இருக்கு, நோய், மருந்து மாதிரி மருத்துவச் சொற்களுக்கு உலகப் பொது கோட் குடுக்கற ஸ்னோமெட் சி.டியும் இந்தியால இலவசம், உன் எக்ஸெல் லிஸ்ட்ல ஒரு இருபது மருந்துக்கு அந்த கோடை தேடிப் போடு.

லேப்டாப் வர வரைக்கும் போன்லயே ஒரு வேலை இருக்கு. மருந்துப் பக்கவிளைவை பதிவு பண்ண ஏ.டி.ஆர் பி.வி.பி.ஐன்னு அரசோட ஆப், 2010ல ஆரம்பிச்ச தேசிய கண்காணிப்புத் திட்டத்தோடது. வார்டுல யாருக்காவது மருந்தால தடிப்பு வந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நீயே ரிப்போர்ட் போடு. எந்தக் கட்டம் கட்டாயம், எது இல்லன்னா ரிப்போர்ட் அரைகுறையா நிக்குது, சின்ன ஸ்க்ரீன்ல எங்க விரல் தப்புதுன்னு அதுல கத்துக்கலாம், நோயாளிகளுக்கும் உதவி.

சம்பளம் நாளைக்கே ஏறும்னு உனக்கு பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணரை ரெண்டு வருஷம் பில்லிங்கோட சேத்து இதையும் இழுக்கணும், கால் வலிக்கும், "உனக்கெதுக்கு ஐ.டி வேலை"ன்னு உள்ளயே கேப்பாங்க. எனக்கும் கேட்டாங்க. அந்த முடக்குவாத அம்மா அடுத்த மாசம் நாலு மாத்திரை வாங்க வந்து நின்னப்ப நான் பதில் சொல்லிக்க வேண்டியதே இல்லாம போச்சு.

நாளைக்கு டூட்டிக்குப் போனதும் ஒண்ணு பண்ணு. உங்க ப்ரிஸ்க்ரிப்ஷன் ஸ்க்ரீன்ல டெஸ்ட் பேஷன்ட் ஒண்ணு இருக்கும், இல்லன்னா ஐ.டில கேட்டு வாங்கிக்கோ. அதுல மெத்தோட்ரெக்ஸேட்னு போட்டுட்டு பக்கத்து கட்டத்துல தானா என்ன வந்து உக்காருதுன்னு பாரு. தினமும்னு வந்தா ஸ்க்ரீனை அப்படியே பிரின்ட் எடுத்து அன்னிக்கே சீஃப் பார்மசிஸ்ட் டேபிள்ல வச்சுட்டு, அவர் என்ன சொன்னார்னு எனக்கு எழுது.